ரெநெசான்ஸ், வடபகுதி

1978 ஜூலை 15, சனிக்கிழமை, மாலை 4 மணி 40 நிமிடம். வெயில் இறங்கவில்லை. மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்த மேலக்காற்று அன்றும் நிற்கவில்லை. மேற்கே கொஞ்சம் மேகம் இருந்தது. பெய்கிற மேகம் இல்லை. படிப்பகத்தின் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கண்ணில் மண்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. காரைக்காலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை படிப்பகத்தில் யாராவது உரையாற்றுவார்கள். அதற்கு முந்தைய மூன்று உரைகளுக்கு வந்தவர்கள் முறையே ஆறு பேர், ஐந்து பேர், ஒன்பது பேர். ஒன்பதில் காவல்காரரும் சேர்த்தி. அன்று என் முறை. தலைப்பு, வட ஐரோப்பாவில் மறுமலர்ச்சி.

தலைப்பிலேயே முதல் தகராறு. படிப்பகத்தின் செயலாளர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்து, அவர்களிடமே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அறிவிப்புப் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதுவது அவருடைய உரிமை. வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

"மறுமலர்ச்சின்னு போட்டீங்கன்னா கட்சிக் கூட்டம்னு நெனைச்சுக்குவாங்க சார். போலீஸ்ல பெர்மிஷன் வாங்கிட்டீங்களான்னு என்னைத்தானே கேப்பான்?" என்றார்.

"அப்ப என்னன்னு போடுறது முசியே?"

"அதுக்குன்னு ஒரு பேர் இருக்குல்ல. ரெநெசான்ஸ். நாங்க படிச்சப்ப அப்படித்தான் படிச்சோம்."

நான் விட்டுவிட்டேன். அவர் திங்கட்கிழமையே எழுதிவிட்டார். என்ன எழுதினார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற நான் அதை மட்டும் ஏன் பார்க்காமல் விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மாணவர் விடைத்தாள் எண்பத்திரண்டு திருத்தவேண்டியிருந்தது. அதுதான் காரணமாக இருக்கும்.

உள்ளே முப்பத்துநான்கு நாற்காலி கிடந்தது. முந்தைய நாள் ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு கூடியதற்கு வாடகைக்கு வந்த நாற்காலிகளை முசியே இன்னொரு நாள் நிறுத்தி வைத்திருந்தார். இரண்டுக்குக் கால் சரியில்லை. அவற்றைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே கயிறு கட்டி, பதினொரு படங்களைத் துணி கிளிப்பால் மாட்டினேன். முசியேயின் மகள் பிரான்சிலிருந்து இரண்டு வருடம் அனுப்பிய காலண்டர்களிலிருந்து எடுத்த படங்கள். மொத்தம் இருபத்துநான்கு தாள், வடக்கத்தியவை பதினொன்று. பின்னால் அட்டை ஒட்டியிருந்தும் காற்றில் ஆடின. கிழிந்துவிடுமோ என்று ஜன்னலைச் சாத்தினேன். புழுங்கியது. திறந்தேன். ஆடின. மறுபடியும் சாத்தினேன்.

ஐந்து மணிக்கு எண்ணிப் பார்த்தபோது இருபத்தேழு பேர்.

எனக்கு நம்ப முடியவில்லை. அதில் ஒன்பது பேர் பெண்கள். காரைக்கால்மேட்டிலிருந்துகூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் துணிப்பையோ, அட்டைக் கோப்போ, சுருட்டிய காகிதமோ இருந்தது. குறிப்பெடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பதினான்கு வருடம் வகுப்பில் கத்தியும் கிடைக்காத மாணவர்கள் ஒரே மாலையில் வந்துவிட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினேன்.

என்னிடம் ஏழு குறிப்புகள் இருந்தன. பரீட்சைக்கு வட ஐரோப்பிய மறுமலர்ச்சியின் முக்கிய வளர்ச்சிகள் என்று கேள்வி வந்தால் மாணவர்கள் எழுதுகிற அதே ஏழு. தெற்கே இத்தாலியில் பழைய சிலைகளைப் பார்த்து, மனித உடம்பு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வரைந்தார்கள். வடக்கே எதிரில் எது இருக்கிறதோ அதை வரைந்தார்கள். சுருக்கம் இருந்தால் சுருக்கம், மரு இருந்தால் மரு. ஆளி விதை எண்ணெயில் வண்ணத்தைக் குழைத்து, கண்ணாடிபோல மெல்லிய பூச்சின்மேல் பூச்சாக ஏற்றியதால் அந்த நுணுக்கம் அவர்களுக்குக் கைகூடியது. முயல் படத்தைக் காட்டி அதன் மீசை முடிகளைப் பார்க்கச் சொன்னேன். பிறகு ரைன் நதிக்கரை ஊர் ஒன்றில் உலோக எழுத்துகளைக் கோத்து அச்சடித்தது, மரத்தில் செதுக்கிய படங்களும் அச்சாகிச் சந்தையில் விற்றது, அறிஞர்கள் பழைய பிரதிகளைத் திருத்தியது, வேதப் புத்தகம் அவரவர் பேசும் மொழியில் வந்தது, அதனால் திருச்சபை இரண்டானது என்று வரிசையாகப் போனேன்.

ஒருவரும் இருமவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "இந்தக் காலத்தில்தான் மனிதன் தன்னைத் தனி ஒருவனாகப் பார்க்கத் தொடங்கினான். தன் முகம், தன் பெயர், தான் பிறந்த..." என்று சொல்லும்போது மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அதாங்க சார், பேருதான் பிரச்சனை. என் பேருல ஒரு எழுத்து வுட்டுப்போச்சு. டோக்கன் எங்க குடுக்குறீங்க?"

"என்ன டோக்கன்?"

"நெசான்ஸுக்குத்தாங்க."

வெளியே போய்ப் பலகையைப் பார்த்தேன். முசியேயின் எழுத்து பெரிய எழுத்து. வரியில் இடம் போதாமல் 'ரெ' மேலேயும் 'நெசான்ஸ்' கீழேயும் போயிருந்தது. அதற்கடியில் வடபகுதி, சனி மாலை 5 மணி, எல்லோரும் வரலாம், கட்டணம் இல்லை.

வெளியூர்க்காரருக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் ஊரில் பிறப்புச் சான்றிதழுக்குப் பழைய ஆட்கள் சொல்கிற பெயர் நெசான்ஸ். பிரெஞ்சில் பிறப்பு என்று அர்த்தம். பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற வீடுகளில் அந்தக் காகிதத்துக்கு இருக்கிற மரியாதை நிலப் பத்திரத்துக்குக்கூடக் கிடையாது. 'ரெ' என்றால் மறுபடி. ஆக, பிறப்புச் சான்றிதழைத் திருத்தி மறுபடி எழுதித் தருகிற இலவச முகாம், நகரின் வடபகுதிக்கு. இருபத்தேழு பேரும் சரியாகத்தான் படித்திருந்தார்கள்.

நான் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு தொடங்கியது.

"வாத்தியாரு அரைமணி நேரமா வெள்ளக்காரன் படம் காட்டுறாரு. நான் ஏதோ ஃபாரம் நெரப்புறதச் சொல்லிக் குடுக்குறாருன்னு உக்காந்திருக்கேன்!"

"முயல் படம் வந்தப்பவே எனக்குச் சந்தேகந்தான்."

"வடபகுதின்னா நம்ம தெருவும் சேருமேன்னு லீவு போட்டுட்டு வந்தேங்க நான். எங்க வூட்டுல சிரிப்பா சிரிக்கப் போறாங்க."

முசியே மட்டும் அசையவில்லை. "ரெநெசான்ஸுன்னு சரியாத்தானே எழுதியிருக்கேன்? ஒரு எழுத்து தப்பா, சொல்லுங்க!" என்று போகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு பேர் போய்விட்டார்கள். மிச்சம் ஐந்து. மூன்று பேர் மின்விசிறிக்காக இருந்தார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். ஐந்தாவது ஆள் ஓர் அம்மா. வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, மடியில் மஞ்சள் பை. தருமபுரத்தில் தையல் வேலை செய்கிறவர். அறுபத்தைந்து வயது என்று அவர் சொன்னார். அதற்குத்தான் அத்தாட்சி இல்லை.

"சார், நீங்க சர்க்கார் ஆளு இல்லேன்னு புரிஞ்சிடுச்சு. ஆனா படிச்சவங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனா வரை போய் வந்தவர். ஏழு மாதம் முன்பு காலமாகிவிட்டார். அவருடைய பென்ஷனில் ஒரு பங்கு விதவைக்கு வரும். அதற்கு ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் அந்த அம்மாவின் நெசான்ஸ் போய்ச் சேர வேண்டும். பழைய பிறப்புப் பதிவேட்டில் அவருடைய வருடத்துப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. அப்படி இருந்தால் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கலாம். அதற்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவும் இரண்டு சாட்சியும் வேண்டும். சாட்சிகள் இருந்தார்கள். பதிவின் நகலும் பையில் இருந்தது, கல்யாணத்துக்காக எப்போதோ எடுத்தது. ஆனால் நீதிமன்ற மனு எழுதிக் கொடுக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, இதில் மகன் என்றல்லவா இருக்கிறது, இது உங்கள் அண்ணனுடையதாக இருக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு அண்ணனே கெடையாதுங்க. அதையும் நான்தான் நிரூபிக்கணுமாம்." ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைக்கிற பெயர் அவருக்கு.

இன்னும் நாற்பத்தேழு நாள் இருக்கிறது என்று மட்டும் மனதில் கணக்கு ஓடியது. "முசியே வரட்டும், லத்தீன் அவருக்குத் தெரியும்" என்றேன். முசியே வாசலில் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த அம்மா எழுந்து கயிற்றோரம் போனார்.

படங்களை அவர் பார்த்த விதம் எனக்குப் புதிது. முகத்தைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். "இந்தப் பச்சைக் கவுனுக்குப் பதினஞ்சு கெஜமாவது புடிக்கும். கை ஓரத்துல பாருங்க, சுருக்கம் சுருக்கமா அடுக்கி வச்சுத் தச்சிருக்கான். வரைஞ்சவனுக்குத் தையல் தெரியுமா?" கிராமத்துக் கல்யாண விருந்துப் படத்தில், கழற்றிய கதவின் மேல் கிண்ணங்களை வைத்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரித்தார். "தட்டு பத்தலேன்னு கதவக் கழட்டிட்டாங்களா! எங்க நாத்தனார் கல்யாணத்துலயும் இதே கூத்துதான்." தூக்குகிறவர்களின் கால்களை எண்ணினால் ஒன்று அதிகமாக வருகிறது என்று நான் அவரிடம் சொன்னேன். அவரும் எண்ணினார். அவருக்கும் ஒன்று அதிகம் வந்தது.

பச்சைக் கவுன் இருந்த படத்துக்கே திரும்பி வந்தார். ஒரு வியாபாரியும் பெண்ணும் கைகோத்து ஓர் அறையில் நிற்கிற படம். பின்னால் சுவரில் வட்டக் கண்ணாடி. அதன் சட்டத்தில் பத்துச் சின்னப் படங்கள்.

"கண்ணாடிக்குள்ள யாரு நிக்கிறா? இவங்க முதுகு தெரியுது. அதுக்கு அப்பால ரெண்டு பேரு."

"கதவண்டை நிக்கிறவங்க. அதுல ஒருத்தர் ஓவியர்னு சொல்லுவாங்க. மேல எழுதியிருக்கு பாருங்க, இன்னார் இங்கே இருந்தார்னு. வருஷமும் போட்டிருக்கார்."

"அப்ப இவுங்களுக்குச் சாட்சி போட்டிருக்காரு."

"சில பேர் அப்படித்தான் சொல்றாங்க. கல்யாணத்துக்குச் சாட்சின்னு. சில பேர் இல்லேங்கிறாங்க. இன்னும் தீராத வழக்கு."

"எத்தினி வருஷமா?"

"வரைஞ்சு ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆகுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சுவத்துலயே கையெழுத்துப் போட்டிருக்கு, ரெண்டு பேரு நிக்கிறதும் தெரியுது. அதுக்கே தீரலேன்னா, எனக்கு ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள எப்படிங்க தீரும்?"

நான் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

முசியே கோபம் தணிந்து உள்ளே வந்ததும் நகலைக் கொடுத்தோம். சிறுவயதில் பூசைக்கு உதவி செய்து பழகிய லத்தீன் அவருடையது. விரல் வைத்து மெதுவாகப் படித்தார். படித்ததையே மறுபடி படித்தார்.

"என்ன சார் இது? முதல்ல 'பாப்திசாத்தா'ன்னு இருக்கு. ஞானஸ்நானம் பெற்றாள். பொம்பளை. மூணு சொல்லு தள்ளி 'பிலியுஸ்'. மகன். ஒரே வரியில பொம்பளையாப் போயி ஆம்பளையா வர்றது எந்த ஊர் இலக்கணம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஏழு குறிப்புகளில் நாலாவது: வட நாட்டு அறிஞர்கள் கைப்பிரதிகளில் ஏறியிருந்த பிழைகளைக் கண்டு, நகலை நம்பாமல் மூலத்துக்குப் போனார்கள்; கிரேக்கமும் எபிரேயமும் கற்றுக்கொண்டு வேதப் புத்தகத்தையே ஒப்பிட்டுத் திருத்தினார்கள். பதினான்கு வருடம் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வருடத்துக்கு மூன்று வகுப்பு, மொத்தம் நாற்பத்திரண்டு தடவை. ஒரு தடவையாவது அது என்ன வேலை என்று நான் யோசித்தது கிடையாது.

"மூலம் எங்க இருக்கு?" என்றேன்.

"கோயில்லதாங்க இருக்கும். ஆனா நகல்தான் இருக்கேன்னு..." என்றார் அந்த அம்மா.

"நகல் வேணாம். புத்தகத்தப் பாப்போம்."

வீட்டில் சொன்னதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தம்மா பொறந்ததுக்கு நீங்க சாட்சியா? அவங்க பொறந்து இருவது வருஷம் கழிச்சில்ல நீங்க பொறந்தீங்க!" சாட்சி இல்லை, படித்துப் பார்க்கத்தான் என்றேன். "எழுத்தப் படிச்சுப் பாத்து மாட்டிக்கிட்டவங்கதான் ஊருல பாதிப் பேரு" என்றார். பத்தொன்பது வருடம் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். நீதிமன்ற வாசலை அதுவரை மிதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கோயிலுக்குப் போனேன். அந்த அம்மாவும் முசியேயும் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். பங்குச் சாமியார் வயதானவர். பீரோவைத் திறந்து, ஒரு முழ நீளத்தில் தோல் அட்டை போட்ட புத்தகத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். பக்கம் புரட்டப் புரட்ட ஓரங்களில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இங்கேயும் கறையான் புகுந்திருந்தால்?

புகவில்லை. பழுப்பு மசியில் அந்த வரி இருந்தது. சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் தலையைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். 'பிலியா.' மகள். எழுதியவர் கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுத்திருந்தார்; அழகுக்காக. வாய் மூடாத அந்த 'ஏ'யை 'யு' என்றும், வாலை 'எஸ்' என்றும் படித்து யாரோ நகலில் மகனாக்கிவிட்டார்கள்.

"அறுபத்தஞ்சு வருஷமா பொண்ணாத்தாம்மா எழுதியிருக்கு. எவனோ கண்ணாடி போடாம நகல் எடுத்திருக்கான்" என்றார் சாமியார்.

அந்த அம்மா வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு லத்தீன் எழுத்து தெரியாது.

"அப்ப நான் பொறந்துட்டேனா சாமி?"

"பொறந்துட்டீங்க."

வரியின் ஓரத்தில் ஞானத்தாயின் பெயரும், கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் கீறலும் இருந்தன. அந்த ஞானத்தாய்தான் முதல் சாட்சி. எண்பத்துநாலு வயது. இரண்டாவது சாட்சி, பக்கத்து வீட்டில் இருந்த எழுபத்தெட்டு வயதுக்காரர். சாமியார் புதிய நகல் எழுதி முத்திரை வைத்தார். நான் ஒவ்வொரு எழுத்தாக மூலத்தோடு ஒப்பிட்டேன். சாமியாருக்கு எரிச்சல் வந்தது, முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் ஒப்பிட்டேன்.

மனு ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை எடுக்கப்பட்டது. அதற்குள் ஒருமுறை தள்ளிப்போட்டதில் எனக்கு மூன்று கிலோ இளைத்துவிட்டது. நீதிபதி ஞானத்தாயைக் கூப்பிட்டு, "ஞானஸ்நானம் குடுத்தப்ப நீங்க அங்க இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"நல்லா கேட்டீங்க போங்க! நான் இல்லாம எப்படி? நான்தானே தூக்கிக்கிட்டு நின்னேன். தண்ணி ஊத்துனதும் போட்டுச்சு பாருங்க சத்தம், சாமியாரே பயந்துட்டாரு."

நீதிபதி சிரித்துக்கொண்டே எழுதினார். தீர்ப்பு அன்றே கிடைத்தது. காகிதங்கள் கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் ஒன்று செய்தேன். அந்தப் பதிவேடு என்கிற வழக்கம் எப்போது வந்தது என்று பள்ளி நூலகத்தில் தேடினேன். நான் பாடம் நடத்துகிற அதே நூற்றாண்டில்தான் பிரான்சின் அரசர் ஒருவர், கோயில்கள் ஞானஸ்நானங்களை முறையாக எழுதி வைக்க வேண்டும் என்று ஆணை போட்டிருக்கிறார். இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட அப்போதே. ராஜாவையும் மகானையும் மட்டும் எழுதியது போய், தையற்காரர் பிள்ளையும் வலைக்காரர் பிள்ளையும் பெயரோடு ஒரு வரி பெற ஆரம்பித்த காலம் அது. மரு, சுருக்கம், கவுனின் மடிப்பு ஒன்றையும் விடாமல் வரைந்தவர்களும், பிறந்த ஒவ்வொருவரையும் எழுதி வைத்தவர்களும் ஒரே காலத்து ஆட்கள். பலகையைப் பார்த்து வந்த இருபத்தேழு பேர் விலாசம் தவறி வரவில்லை என்று எனக்குத் தோன்றியது. முசியேயிடம் சொன்னேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, ஒரு எழுத்து தப்பில்லைன்னு" என்றார்.

அந்த வருடத்திலிருந்து என் குறிப்புகள் எட்டு ஆயின; எட்டாவது, ஞானஸ்நானப் பதிவேடு. எட்டாவதற்குப் பரீட்சையில் யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் நடத்தினேன். ஓய்வு பெறும்வரை, இன்னும் பன்னிரண்டு வருடம் நடத்தினேன். நாலாவது குறிப்பை எழுதும்போது சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வாலைப் பற்றிச் சொல்வேன். வகுப்பு சிரிக்கும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு படமோ புத்தகமோ அல்ல, மஞ்சள் பையோடு கடைசிவரை உட்கார்ந்திருந்த ஒருவர். அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார். விளக்குவதற்குள் மணி அடித்திருக்கும்.

நவம்பரில் முதல் பென்ஷன் வந்ததும் அவர் வீட்டுக்கு வந்தார். என் மனைவிக்கு ரவிக்கை தைத்துக் கொண்டுவந்திருந்தார். அளவு எடுக்காமலே சரியாக இருந்தது. காப்பி குடித்துவிட்டு, பையைத் திறந்து வைத்துக்கொண்டு, "எல்லாம் சேத்து உங்களுக்கு எவ்வளவுங்க தம்பி ஆச்சு? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார்.

"நான் கணக்கு வச்சுக்கலேங்க" என்றேன்.

என் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

படங்களுக்கு அட்டையும் கயிறும் கிளிப்பும், மனு டைப் அடித்தது, முத்திரைத்தாள், ஞானத்தாய்க்கு இரண்டு நாள் போகவர ரிக்‌ஷா, எல்லோருக்கும் காப்பி. மொத்தம் இருபத்தேழு ரூபாய் எண்பத்தைந்து காசு.